பாலர் பூங்கா கண்ட பெரியார் புரோபல்

விழாக் காலத்திற் பெரியோரை நினைத்துப் போற்றுதல் நம்மவர்க்குத் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கல்லூரி ஒன்று விழாக் கொண்டாடும்போது, அதனை நிறுவிய வள்ளல்களையும், வளர்த்த அதிபர்களையும், அதனாற் புகழ்பெற்று அதற்கும் புகழ் தேடித் தந்த பழைய மாணவர்களையும் பற்றி எழுதுதல் முறையே. அப்பணியை நம்மினும் தகுதியுடையோர் இம்மலரிற் செய்திருப்பர். நாம் எடுத்துக்கொண்டதோ, நம் கல்லூரி வாயிலை ஒருநாளும் மிதியாத பிறநாட்டார் ஒருவரின் வரலாறு. எனினும் இம்மலரைக் கையில் ஏந்தியிருப்போருட் பலருடைய விரல்கள் அவருக்குக் கடன்பட்டவை. பாலர் வகுப்பிற் களிமண்ணை உருட்டி மாம்பழம் செய்தோம். வண்ணக் கடதாசியை மடித்து வள்ளம் செய்தோம். குச்சிகளை அடுக்கி வீடு அமைத்தோம். இவை பொழுதுபோக்கு அல்ல, கல்வியே என்று துணிந்து, இவற்றுக்கெனப் பள்ளி ஒன்று வகுத்தவர் ஜேர்மனி நாட்டு அறிஞர் பிரெடெரிக் புரோபல். ஆசிரிய கலாசாலையிற் பயின்றோர் அனைவரும் பரீட்சைக்காக அவர் பெயரை மனனம் செய்தவர்களே. அவர் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே.

புரோபல் 1782ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் நாள், ஜேர்மனியின் நடுவே காடும் மலையும் செறிந்த துரிங்கியாப் பகுதியில், ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் கிறித்தவ மதகுரு. பல ஊர்களை மேற்பார்த்து வந்தமையால் வீட்டில் ஓய்வற்றவர். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது தாய் இறந்தாள். பின் வந்த சிற்றன்னை, தனக்கொரு மகவு பிறக்கும்வரை அன்பு காட்டினாள். பிறந்தபின் அவ்வன்பு வற்றியது. தாய்மடி அறியாத அச்சிறுவன் தோட்டத்துச் செடிகளோடும் பூக்களோடும் தனித்து விளையாடி வளர்ந்தான். தந்தை தாமே அவனுக்கு எழுத்தறிவிக்க முயன்றார். அது எளிதில் வரவில்லை. பிள்ளை மந்த புத்தியுடையவன் என்று எண்ணி, ஊரிலிருந்த பெண்பிள்ளைகளின் பள்ளியில் அவனைச் சேர்த்தார். பிற்காலத்தில் உலகின் பாலர் வகுப்புகளுக்கெல்லாம் வழிகாட்டியவர், தம் பாலப் பருவத்தில் மந்தன் எனப் பெயர் பெற்றவர் என்பதை ஆசிரியராயுள்ளோர் மனத்திற் கொள்ளவேண்டும்.

பத்தாம் வயதில் நல்வினை வந்து வாய்த்தது. தாயின் உடன்பிறந்தாராகிய மாமனார் அவனைத் தம்மோடு அழைத்துச் சென்றார். மருமகன்மீது மாமன் கொள்ளும் பரிவு நாம் அறிந்ததே. அவர் வீட்டிற் கழித்த ஆண்டுகளே தம் இளமையின் ஒளி மிக்க ஆண்டுகள் எனப் புரோபல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பதினைந்தாம் வயதில், காட்டு அதிகாரி ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றார். பயிற்சி முறையாகக் கிடைக்கவில்லையாயினும் காடு அவருக்கு ஆசானாயிற்று. பின் யேனாப் பல்கலைக்கழகம் சென்றார். கையிலிருந்த சிறுதொகையைத் தமையனுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டுத் தாம் கடனாளியாகி, 1801ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரம் இருந்து, கல்வி முற்றுப்பெறாமலே வீடு திரும்பினார். அதன்பின் சில ஆண்டுகள் நில அளவையும் கணக்கெழுத்தும் எனப் பல தொழில்களில் அலைந்தார்.

1805ஆம் ஆண்டிற் கட்டடக் கலை பயிலும் நோக்குடன் பிராங்போட் நகர் சேர்ந்தார். ஆங்கே ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் இவரைக் கண்டு, கட்டடத்தை விட்டு ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளுமாறு தூண்டினார். வகுப்பறையுட் புகுந்த அன்றே, நெடுநாள் தேடிய தம் இடம் இதுவே என உணர்ந்தார். அக்காலத்திற் சுவிற்சர்லாந்தின் இவெர்டன் நகரில், பெஸ்தலோசி என்னும் பெரியார், பொருள்களைக் கண்டும் தொட்டும் கற்கும் முறையை நடத்தி வந்தார். புரோபல் அவரிடம் ஒருமுறை சென்று மீண்டபின், பிரபு குடும்பம் ஒன்றின் புதல்வர் மூவருக்குத் தனி ஆசிரியரானார். அப்பிள்ளைகளுக்குப் புத்தகத்தினும் மிகுதியாக அவர் கொடுத்தது கைவேலையே. சிறு நிலத்துண்டொன்றிற் பயிர் செய்வித்தார்; கடதாசியாலும் மட்டையாலும் மரத்தாலும் பொருள்கள் செய்வித்தார். 1808 முதல் 1810 வரை அம்மூவருடனும் இவெர்டனிலேயே தங்கிப் பெஸ்தலோசியின் முறையை நுணுகி ஆராய்ந்தார். ஆசானை மிக மதித்தபோதும், அங்கே பாடங்கள் ஒன்றோடொன்று இயையாது நிற்பதைக் கண்டார். மிகச் சிறு குழந்தைகளுக்கு இன்னும் ஏதோ வேண்டும் என்னும் எண்ணமும் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அந்த ஏதோ ஒன்றின் வடிவம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பேர்லினிற் கனிப்பொருளியல் பயின்றபோது பளிங்குக் கற்களைக் கையாளும் பணி அவருக்கு வாய்த்தது. உப்புக் கல்லும் பிற பளிங்குகளும் தமக்கே உரிய ஒழுங்கில், தளமும் விளிம்பும் முனையுமாக வளர்தலை அவர் வியந்து நோக்கினார். அணுவிலும் அண்டத்திலும் ஒரே ஒழுங்கு நிற்கிறது, அவ்வொழுங்கே இறைவன் திருவுளம் என்பது அவர் கொள்கை. அவ்வொழுங்கை ஒரு குழந்தையின் உள்ளங்கையில் எடுத்து வைக்க முடியுமா என்பதே அவர் வாழ்நாட் கேள்வியாயிற்று. இடையே 1813ஆம் ஆண்டில், நெப்போலியனை எதிர்த்த தொண்டர் படையிற் சேர்ந்தார். போர்க்களத்தில் அவர் பெற்ற பெருஞ்செல்வம் இரு நண்பர்கள்: மிடென்டோவ், லாங்கெதால் என்போர். இவ்விருவரும் பின்னர்த் தம் வாழ்வையே அவர் பணிக்கு ஒப்படைத்தனர்.

அதே 1813இல், மருத்துவமனையிற் காய்ச்சலுற்றோர்க்குத் தொண்டு செய்த தமையனார் ஒருவர் தாமும் நோயுற்று இறந்தார். தந்தையற்ற அப்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் பொறுப்பை ஏற்க, பேர்லின் அரும்பொருளகத்திற் கிடைத்திருந்த நல்ல உத்தியோகத்தை விட்டு, 1816ஆம் ஆண்டிற் பள்ளி ஒன்று தொடங்கினார். மறு ஆண்டு அது கைல்ஹாவ் என்னும் ஊருக்கு மாறியது. மருமக்கள் ஐவருடன் தொடங்கிய பள்ளி, பத்தாண்டுக்குள் ஐம்பதின்மேற் பிள்ளைகளைக் கொண்டதாயிற்று. 1826இல் மனிதனின் கல்வி என்னும் பொருள்பட அமைந்த அவரது பெருநூல் வெளிவந்தது. ஆயினும் பகைமையும் உடன் வளர்ந்தது. புரட்சிக் கருத்துகளை வளர்க்கும் இடம் என ஆட்சியாளர் ஐயுற்றனர். ஆய்வுக்கு வந்த அதிகாரி பள்ளியைப் புகழ்ந்தே எழுதினார், ஊர்வாய் அடங்கவில்லை. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டனர். 1829இல் எஞ்சியோர் ஐவர். புரோபலும் குற்றமற்றவர் அல்லர். பிடிவாதம் மிக்கவர், பணக் கணக்கு அறியாதவர், பிறர்க்கு எளிதில் விளங்காத நடையில் எழுதியவர். அவர் பட்ட துன்பத்திற் பாதி இவற்றால் விளைந்ததே.

பின்னர்ச் சுவிற்சர்லாந்தில் ஐந்தாறு ஆண்டுகள் பணியாற்றினார். பேர்க்டோவ் நகரில் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்தியபோது ஓர் உண்மை அவருக்குத் தெளிவாயிற்று. பள்ளி வயதை அடைந்து வரும் பிள்ளையிடம் காணும் குறைகள் பள்ளியில் தோன்றியவை அல்ல. அதற்கு முந்திய ஆண்டுகளில், ஒருவரும் கல்வி என்று கருதாத ஆண்டுகளில், விளைந்தவை. அடியில் விட்டதை நுனியிற் பிடிக்க முடியாது. ஐம்பத்தைந்து வயதில், பலர் ஓய்வை எண்ணும் பருவத்தில், அவர் தம் வாழ்வின் உண்மையான பணியைத் தொடங்கினார்.

1837ஆம் ஆண்டில், கைல்ஹாவுக்கு அயலிலுள்ள பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரிற் குடியேறி, விளையாட்டுப் பொருள்களை ஆக்கத் தொடங்கினார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் கொடைகள். முதற் கொடை, நூலிற் கட்டித் தொங்கும் ஆறு கம்பளிப் பந்துகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். குழந்தை தன் முழுக் கையாலும் பற்றக்கூடியது, பற்றினால் நோவாதது, நழுவினாலும் ஓடிவிடாதது. இரண்டாம் கொடை, மரத்தாலான உருண்டையும் கனசதுரமும். நீளுருளை பின்னர் அவற்றோடு சேர்ந்தது. உருண்டை உருளும், கனசதுரம் நிற்கும், நீளுருளை இரண்டும் செய்யும். இதனைப் பிள்ளை சொல்லால் அறியுமுன் கையால் அறிகின்றது. மூன்றாம் கொடை, இரண்டங்குலக் கனசதுரம் ஒன்றை எட்டாகப் பகுத்தது. பிரித்தால் எட்டுத் துண்டு, சேர்த்தால் ஒன்று. அடுத்த கொடைகளிற் செங்கல் வடிவமும், பாதியாகவும் காலாகவும் வெட்டிய துண்டுகளும் வரும். ஐந்தாம் கொடையின் துண்டுகள் முப்பத்தொன்பது. பெட்டிக்குள் அவற்றைத் திரும்ப அடுக்கி மூடுவதும் விளையாட்டின் ஒரு பகுதியே. துண்டொன்றைக்கூட வெளியே விடாமல் அடுக்கும் பிள்ளை, பின்னம் என்னும் சொல்லைக் கேளாமலே பின்னத்தைக் கற்கிறது. விளிம்போடு விளிம்பு பொருத்தும் விரல், தன்னை அறியாமலே நுட்பம் பெறுகிறது.

கொடைகளை அடுத்துத் தொழில்கள் வந்தன. கடதாசியில் ஊசியாற் குத்தி உருவமெடுத்தல், குத்திய துளை வழியே வண்ண நூல் கோத்துத் தைத்தல், கட்டமிட்ட பலகையிற் கோடு கீறுதல், வண்ணக் கடதாசிக் கீலங்களைப் பாய்போலப் பின்னுதல், மடித்தல், வெட்டுதல், நீரில் ஊறிய பட்டாணியிற் குச்சிகளைச் செருகி வீடும் ஏணியும் ஆக்குதல், களிமண் பிசைதல் என்பன அவை. கொடையை விளையாடி முடித்தபின் பழையபடி பெட்டியில் வைக்கலாம். தொழிலிலோ பொருள் உருமாறுகிறது, பிள்ளை ஆக்கியது நிலைத்து நிற்கிறது. முன்னதிற் பிள்ளை உலகின் ஒழுங்கைக் கண்டறிகிறது. பின்னதிற் தன் ஒழுங்கை உலகின்மேல் இடுகிறது. இவற்றோடு பாட்டும், வட்டமாய் நின்று ஆடும் ஆட்டமும், ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய சிறு பாத்தியும் இருந்தன. 1844இல் வெளியான தாய்மார்க்கான பாட்டு நூலில், மடியிலிருக்கும் குழந்தையின் விரலை மடக்கியும் நீட்டியும் ஆடும் ஆட்டங்களைத் தொகுத்தார். ஒன்பது மாதத்தில் தாயை இழந்தவர், உலகத்துத் தாய்மார்க்கு அந்நூலை எழுதிவைத்தார்.

இவ்வரிசையின் அருமையை இன்றைய உடலறிவு இன்னும் தெளிவாக்குகிறது. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் எலும்பாக முற்றியது பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அங்குள்ள எட்டுச் சிறு எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருந்து, ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்குகின்றன. எட்டாவது எலும்பு இறுகத் தொடங்க ஒன்பது, பத்து வயதாகும். கையின் ஆற்றலும் தோளிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து மணிக்கட்டுக்கும், ஈற்றில் விரல் நுனிக்கும் படிப்படியாக இறங்குகின்றது. முதலில் முழுக் கையாற் பற்றும் பிள்ளை, ஒன்பது பத்து மாதமளவிற் பெருவிரலும் சுட்டுவிரலும் கூட்டிச் சிறு பொருளை எடுக்கும். அங்கிருந்து பென்சிலை அடக்கியாள நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தைப் பிசைதலும் கிள்ளுதலும் கோத்தலும் மடித்தலும் வெட்டுதலுமே கடக்க வைக்கின்றன. கம்பளிப் பந்திற் தொடங்கி ஊசித் துளையில் முடியும் புரோபலின் அடைவு, உடலறிவு இவ்வளவு வளராத காலத்தில், குழந்தைகளைப் பார்த்திருந்தமையாலேயே பெற்ற அறிவு.

பள்ளிக்குப் பெயர் வாய்க்கவில்லை. 1840ஆம் ஆண்டில் ஒருநாள், நண்பர்களோடு மலைவழியே பிளாங்கன்பேர்க்குக்கு நடந்தபோது, பள்ளத்தாக்கு ஒரு பெருந்தோட்டம்போற் கீழே விரிந்து கிடக்கக் கண்டார். கிண்டர்கார்டன், குழந்தைகளின் தோட்டம், என்னும் பெயர் அக்கணமே அவர்க்குத் தோன்றியது. அவ்வாண்டு யூன் 28ஆம் நாள் அப்பெயருடன் பள்ளி நிறுவப்பெற்றது. தோட்டக்காரன் செடியை இழுத்து நீட்டுவதில்லை. நீரும் எருவும் ஒளியும் கொடுத்துக் காத்திருக்கிறான். அப்பெயரினுள்ளே அவர் கொள்கை முழுதும் அடங்கியுள்ளது. பொருள் தேட, ஜேர்மனிப் பெண்மக்களுக்குப் பத்துத் தாலர் வீதம் பங்குகள் விற்க முனைந்தார், வாங்கினோர் சிலரே. பணமின்மையால் 1844இல் அப்பள்ளி மூடப்பட்டது. அவர் சோரவில்லை. ஊரூராய்ச் சென்று பேசினார்; இளம் பெண்களுக்குப் பயிற்சியளித்தார். கிராமத்துப் பிள்ளைகளோடு கைகோத்து ஆடிய முதியவரைக் கண்டு நகைத்தோரும் இருந்தனர். 1849இல் அவரைக் கண்டு, கேட்டு, அவர் கருத்தைத் தம் உயிர்ப்பணியாகக் கொண்ட மாரன்ஹோல்ட்ஸ் பெருமாட்டியும் இருந்தார்.

பணி பரவத் தொடங்கிய வேளையிற் பேரிடி விழுந்தது. 1851ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பிரசிய அரசு கிண்டர்கார்டன் பள்ளிகளைத் தடை செய்தது. அவை நாத்திகத்தையும் சமவுடைமைக் கொள்கையையும் பரப்புவன என்பது காரணம். புரோபலின் தமையன் மகன் ஒருவர் பெண்கல்வி பற்றி எழுதிய நூலை, அமைச்சர் புரோபலின் கொள்கையோடு மயங்கிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் இறையுணர்வோடு குழந்தைகளை நோக்கியவர் நாத்திகர் எனப்பட்டார். பந்தும் கட்டையும் அரசுக்கு அச்சம் தருவனவாயின. தவறு சுட்டிக்காட்டப்பட்ட பின்னும் தடை நீங்கவில்லை. அரசருக்கு விடுத்த விண்ணப்பமும் பயனற்றது. மறு ஆண்டு, 1852 யூன் 21ஆம் நாள், மரியென்தாலில், தம் எழுபதாம் வயதில் அவர் காலமானார். கல்லறைமேல், அவர் குழந்தைகளுக்குக் கொடுத்த கனசதுரமும் நீளுருளையும் உருண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கல்லில் அமைக்கப்பட்டன. தடை 1860இல் நீங்கியது. அதனைக் காண அவர் இல்லை.

ஆயினும் அத்தடையே விதையைத் தூவிய காற்றாயிற்று எனலாம். அரசியற் கொந்தளிப்பால் நாடு விட்ட ஜேர்மானியர் சிலர் 1851இல் இலண்டனிலும், 1856இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலும் கிண்டர்கார்டன் தொடங்கினர். 1876இல் யப்பானின் தோக்கியோ நகரிலும் அது தோன்றி, அந்நாட்டின் பழைய கடதாசி மடிப்புக் கலையோடு புரோபலின் மடிப்பு முறையும் கலந்தது. அதே ஆண்டு பிலடெல்பியாப் பொருட்காட்சியில் ஒரு தாய் தன் மகனுக்கெனப் புரோபல் கட்டைகளைக் கண்டறிந்தார். அம்மகனே பின்னாளிற் பெருங் கட்டடக் கலைஞராய் விளங்கிய பிராங் லொயிட் ரைட். அக்கட்டைகளின் தீண்டல் முதுமையிலும் தம் விரல்களில் நிற்பதாக அவர் நன்றியுடன் எழுதினார்.

புகழோடு பிழையும் பரவியது. மாணாக்கர் சிலர் கொடைகளைச் சடங்காக்கினர். பிள்ளைகள் அனைவரும் ஒரே கட்டளைக்கு ஒரே கட்டையை ஒரே கட்டத்தில் வைத்தனர். நுண்ணிய துளையும் மெல்லிய நூலும் இளங் கண்ணையும் விரலையும் வருத்துகின்றன எனப் பின்வந்த அறிஞர் கண்டித்து, பெருங் கட்டைகளையும் உடல் முழுதும் அசையும் ஆட்டங்களையும் புகுத்தினர். அக்கண்டனம் நியாயமானதே. விளையாட்டைக் கட்டளையிட்டால் அது விளையாட்டாவதில்லை.

இதனை நாம் அறிந்தது நூலாலன்று, தவறு செய்தே. ஆசிரியத் தொழிலில் நாம் புகுந்த புதிதில், ஆரம்ப வகுப்பிலே ஒரு சிறுவன் அகரத்தின் சுழியை எழுத இயலாது தத்தளித்தான். நாமோ தமிழாசிரியர்; எழுத்தின் அழகே எமக்குப் பெரிது. அவன் கையைப் பிடித்து அழுத்தினோம். பக்கம் பக்கமாக எழுதச் செய்தோம். கண்ணீர் கடதாசியை நனைத்ததே கண்ட பலன். தைமாதத்தில் ஒரு மாலை வயல்வெளி வழியே சென்றபோது, அதே சிறுவன் தமையனின் பட்டத்துக்கு முச்சை கட்ட உதவிக்கொண்டிருந்தான். வீசும் காற்றில், அந்த நூல் முடிச்சுகளை அவன் விரல்கள் ஆறுதலாகவும் திருத்தமாகவும் இட்டன. நாம் நின்றுவிட்டோம். கெட்டது அவன் கை அன்று, எம் கண். அடுத்த நாளிலிருந்து அவனுக்குக் கொப்பியை மூடிக் களிமண்ணைக் கொடுத்தோம். மணலில் விரலாற் கீறவிட்டோம். அவ்வாண்டு முடியுமுன் சுழி தானே வந்தது. பரீட்சைக்காக மனனம் செய்த புரோபலை அன்றுதான் கற்றோம்.

நம் முன்னோர் புரோபலை அறியார். எனினும் இவ்வழியை அறிந்திருந்தனர். விசயதசமியில் ஏடு தொடக்கும்போது, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் எழுத்தாணியைக் கொடுப்பதில்லை. பரப்பிய அரிசியில், பெரியவர் கை துணையிருக்க, விரலாலேயே எழுதுவிக்கின்றனர். கொக்கான் வெட்டிய சிறுமியர் விரலும் கண்ணும் ஒன்றுபடக் கற்றனர். பனையோலையிற் கிலுகிலுப்பையும் பெட்டியும் பின்னியோர் புரோபலின் பின்னற் பாயைக் கண்டால் நம் வீட்டுத் திண்ணை வேலை என்றே எண்ணுவர். சிரட்டையில் மண்சோறு ஆக்கிய கையே பின் எழுத்தாணி பிடித்தது.

இன்றோ மூன்று வயதுப் பிள்ளைக்கும் வீட்டுவேலைக் கொப்பி உண்டு. முன்பள்ளியில் எழுதுவிக்காவிடிற் பெற்றோர் மனக்குறைப்படுகின்றனர். ஆசிரியைமாரோ தாம் அறிந்ததை விட்டுப் பெற்றோர் கேட்பதைச் செய்கின்றனர். கொக்கான் கல் தூசி படிந்து கிடக்கிறது. விரல் கைபேசியின் கண்ணாடிமேல் வழுக்குகிறது. இழுத்து நீட்டிய செடி வளர்ந்ததாகத் தோன்றலாம். வேர் அறுந்ததை வாடும் நாளிலேதான் அறிவோம்.

பழைய மாணவர்களே, உங்களிற் பலர் இன்று தந்தையரும் பாட்டனாரும் ஆவீர்; ஊர்களில் முன்பள்ளிகளைத் தாங்கி நிற்போரும் உளீர். விழா ஆண்டில் நாம் வேண்டுவது மாடிக் கட்டடமன்று. உங்கள் ஊர்ப் பாலர் முன்பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மணற் குழி, ஒரு குடம் களிமண், ஒரு கட்டுப் பனையோலை, ஒரு பெட்டி மரக்கட்டை இருக்கட்டும். அவற்றோடு, பிள்ளை தானே கட்டித் தானே கலைக்கும்வரை காத்திருக்கும் பொறுமையும் இருக்கட்டும். அப்பொறுமையே புரோபற் பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றி.